கோஃப் எழுத்தின் கால்

திமோனா, நவம்பர் 4

அன்பு மருமகள் ஒஷ்ராவுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும் இந்த ஊரின் பெரிய மனிதனுமான ஹனானியா எழுதுவது.

இரண்டு வருடம் கழித்து உன் உறை வந்ததைப் பார்த்துத் தபால்காரனே எனக்குக் கைகொடுத்தான். கணினிக்கு ஹீப்ரு எழுத்துரு செய்கிறாயாம், எழுத்துக்கு அடியில் போடும் உயிர்க்குறிகளோடு. கடிதத்தையும் அதில்தான் அடித்திருக்கிறாய். வயதான கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று மாதிரித் தாளைப் பார்க்கச் சொல்கிறாய். சரியான ஆளைத்தான் பிடித்தாய்! தினமும் தெருமுனை பெஞ்சில் ஊருக்கே செய்தித்தாள் படித்துச் சொல்கிறவன் நான். "ஹனானியா, நீ படிச்சாத்தான்டா செய்தியே ருசிக்குது" என்கிறான் பெஞ்சுக் கூட்டாளி ஷிமோன். நான் தாளை விரித்தால் சூரியகாந்தி விதை கொறிப்பதைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

ஒரே குறை. 'பக்கத்தில்' என்ற சொல்லில் கோஃப் எழுத்தின் கால் இறங்கி, அடியில் உள்ள குறியை மிதிக்கிறது. அங்கேயே பத்து நிமிடம் நின்றுவிட்டேன்.

நீ முன்பு எழுதிய நாலு பக்கக் கடிதம் சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. மனப்பாடமே ஆகிவிட்டது. தறிச் சத்தம் தின்ற காதுக்குத் தொலைபேசி ஆகாது, எழுது.

உன் மாமா
ஹனானியா

யாஃபோ, நவம்பர் 12

மாமாவுக்கு,

இதையும் குறிகளோடுதான் அடிக்கிறேன். நீங்கள் சொன்ன பிழை உண்மைதான். மூன்று வல்லுநர்கள் பார்த்தும் கண்ணில் படவில்லை. எங்களுக்குக் குறிகள் தேவையே இல்லை. மெய்யெழுத்தை வைத்து ஊகித்து ஓடிவிடுகிறோம். குறியை நம்பி நடக்கிறவர்தான் அங்கே தடுக்கி விழுவார்.

அம்மாவின் ஏழு நாள் துக்கம் முடிந்ததும் அந்த நாலு பக்கத்தைக் கையால் எழுதினேன், குறி போடாமல். 'உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது' என்று மட்டும் பதில் போட்டீர்கள். அதைத் தாங்க முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

மனப்பாடம் என்கிறீர்களே. கடைசியில் நான் என்ன கேட்டேன்?

ஒஷ்ரா

திமோனா, நவம்பர் 20

கண்ணே ஒஷ்ரா,

நீதிபதி மாதிரிக் கேட்கிறாய். மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றும் அருமையான பொய்கள்.

பத்து வயதில் நெசவாலைக்குப் போனவன் நான். குறி இருந்தால் ராஜா. இல்லாவிட்டால் எனக்கு எல்லாம் எறும்பு வரிசை. அரசாங்கத் தாள் எது வந்தாலும் உன் அம்மா பென்சிலால் எழுத்துக்கு எழுத்து குறி போட்டு, "படிச்சுத் தொலைடா கழுதை" என்று நீட்டுவாள். அவள் போனபின் வந்த முதல் கடிதம் உன்னுடையது.

செய்தித்தாளிலும் குறி கிடையாது, பெஞ்சில் படங்களைப் பார்த்துச் செய்தி கட்டுகிறேன். உன் கடிதத்தை ஷிமோனிடம் கொடுத்திருக்கலாம். அப்புறம் அந்த பெஞ்சில் எனக்கு என்ன வேலை?

என்ன கேட்டாய்? குறி போட்டு அனுப்பு.

மாமா

யாஃபோ, டிசம்பர் 1

அன்புள்ள மாமா,

கோஃப்பைத் திருத்திவிட்டேன். அந்தக் கடிதத்தின் பிரதி என்னிடம் இருந்தது. கடைசிப் பத்தி இது, ஒரு சொல்லும் மாற்றவில்லை:

'அம்மாவின் அறை காலியாகக் கிடக்கிறது. வந்து என்னோடு இருங்கள் மாமா. பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். பெசாஹ் பண்டிகைக்குள் பதில் வராவிட்டால் வீட்டை விற்றுவிடுவேன். காரணம் கேட்க மாட்டேன்.'

விற்றுவிட்டேன் மாமா. இப்போது இருப்பது ஒற்றை அறை. கட்டிலும் கணினியும் போக, நிற்கத்தான் இடம்.

ஒஷ்ரா

திமோனா, டிசம்பர் 9

ஒஷ்ரா,

படித்தேன். 'பக்கத்தில்' என்ற இடத்தில் தடுக்கவில்லை. கால் எதையும் மிதிக்கவில்லை. கெட்டிக்காரி நீ.

வந்திருப்பேன். கூஸ்கூஸ் அவிக்கும் பானையைத் தலையில் சுமந்தாவது வந்திருப்பேன்.

இன்று பெஞ்சில் செய்தித்தாளுக்குள் உன் கடிதத்தை வைத்து அதைத்தான் படித்தேன். யாஃபோவில் ஒரு பெண் தன் மாமாவைக் கூப்பிடுகிறாள் என்று. என் வாழ்க்கையில் அங்கே உண்மையாகப் படித்த முதல் செய்தி. யாரும் விதை கொறிக்கவில்லை.

"அந்த ஆளு போனானா?" என்று ஷிமோன் கேட்டான்.

ஒரு வரி மட்டும் நானாகக் கட்டினேன்.

"அன்னைக்கே போயிட்டான்டா. இப்ப அங்கதான் இருக்கான்."

ஹனானியா