மூடியடுப்பின் அளவு குறித்து எழுமுனைக் கோட்டைக்கு விடுத்த ஓலை

நீர் வற்றாத ஏரிகளும் கதவடைக்காத களஞ்சியங்களும் உடைய நீலவாய் நாட்டை ஆள்பவரும், ஏழு துறைக்கு உரியவரும், இரு மலைக்கு இறைவியுமான கோப்பெருந்தேவி வானவன்நங்கை அவர்களின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் சேந்தன்பூதன் எழுதியது. எழுமுனைக் கோட்டைக் காவலரும் வடகரைப் படைமுதலியுமாகிய மழவதரையர் காண்க. கோட்டை அவையத்தார் ஐவரும் உடன் காண்க. உங்கள் மதில் உறுதியாக நிற்க. உங்கள் கிணறுகள் இனிக்க. உங்கள் அறிவையும் இவ்வாறே வாழ்த்தலாம் என்று அரசி முதலில் எண்ணினார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

கோட்டை அடுக்களைத் தலைவி கொற்றியின் வலக்கையை வரும் அமாவாசையன்று வெட்டுவது என்று நீங்கள் கூடி எழுதிய தீர்ப்பு அரசியின் முன் வந்தது. அரசுக்கு உரிய பெரிய மூடியடுப்பை அவள் திருடிவிட்டுச் சிறியதொன்றை அந்த இடத்தில் வைத்தாள் என்பது குற்றம். நடந்தது என்ன என்பதை, அது நடந்த ஊரில் இருந்த உங்களுக்கே எழுதிச் சொல்ல வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆயினும் சொல்லப்படுகிறது. சாட்சியர் பேசியது பேசியபடியே இதில் இருக்கும்.

மலைத்தலைவர் கடுவன்மள்ளர் போரை முடித்துக்கொள்ள இறங்கி வருவதாகச் சொல்லியனுப்பியபோது, உறுதிமொழி விருந்து மலையார் வழக்கப்படியே நடக்கும் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். அந்த வழக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆடு முழுதாக வேக வேண்டும். ஓர் எலும்பும் முறியக் கூடாது. தீயின் நாக்கு இறைச்சியைத் தொடக் கூடாது. கரியின் சூடு மட்டுமே பட வேண்டும். தங்கள் ஊர்களை எரித்த தீ தங்கள் சோற்றையும் தொடுவதை அவர்கள் பொறுப்பதில்லை. கோட்டையிலிருந்த பெரிய மூடியடுப்போ சென்ற மழைக்காலத்தில் அடி வெடித்துப் போயிருந்தது.

சங்குத்துறையில் ஒரு கப்பல் தலைவனின் வீட்டில் பழைய மூடியடுப்பு ஒன்று இருப்பதாக அங்குள்ள உங்கள் ஆள் எழுதினான். மூன்று காலில் நிற்கும் இரும்பு உருண்டை. கீழ்ப்பாதி கலம், மேற்பாதி மூடி. கலத்தின் அடியில் கரி, நடுவில் கம்பித் தட்டு, மூடியின் உச்சியில் காற்றுத் துளை. எத்தனை சாண் அகலம் என்பதை மட்டும் அவன் எழுதவில்லை. நல்ல பெரிய அடுப்பு என்று எழுதினான். கைமாற்றிவிட நினைக்கும் பொருளை எவன் சிறியது என்று எழுதுவான்? கூடவே துணியில் எழுதிய சித்திரங்கள் மூன்றை அனுப்பினான்.

அந்தச் சித்திரங்களை அவையில் விரித்தபோது, அடுப்பின் பக்கத்தில் ஒரு துறைச் சுமையாள் நிற்பதைக் கண்டீர்கள். சுமையாள் என்றால் இவ்வளவு உயரம் இருப்பான், ஆகவே அடுப்பு இவ்வளவு அகலம் என்று கணக்கிட்டீர்கள். முதல் சித்திரத்தில் அடுப்பு அந்த ஆளின் இடுப்பு வரை வந்தது. இரண்டாவதில் அவன் தலை வரை வந்தது. மூன்றாவதில் ஆளே இல்லை. ஒரே ஆள், ஒரே அடுப்பு. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீங்களோ இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, ஐந்து சாண் என்று தீர்த்தீர்கள். அவையில் ஒருவர் கூடவா சிரிக்கவில்லை?

சிரித்தவள் கொற்றி ஒருத்திதான். கரிக்குச் சொல்லிவைக்க அளவு கேட்டு வந்தவள், இடுப்பிலிருந்த நூலை எடுத்துச் சித்திரத்தின் மேல் வைத்தாள். சுமையாளை அவள் பார்க்கவே இல்லை. மூடியின் கைப்பிடியை நூலால் அளந்து, அதே நூலை மூடியின் குறுக்கே மடக்கி மடக்கி வைத்துப் பார்த்தாள். மூன்று சித்திரத்திலும் நாலு மடங்கு வந்தது.

“கைப்பிடி ஆறு விரல். நாலு மடங்குன்னா இருபத்து நாலு விரல், ரெண்டு சாண். இதுல ஆட்டுத் தொடை வேகும். ஆடு வேகாது” என்று அவள் சொன்னாள்.

அதற்கு மழவதரையர் சொன்னது, வாயிற்காவலன் சாட்சியப்படி: “சட்டி கழுவுறவளுக்குச் சித்திரம் பாக்கத் தெரியுமோ?”

“சட்டி கழுவுறவளுக்குத்தான் சட்டி அளவு தெரியும், ஐயா. நம்பலேன்னா நூலோட ஒரு ஆளைத் துறைக்கு அனுப்புங்க.”

துறைக்குப் போக ஒன்பது நாள், வர ஒன்பது நாள், அளந்து வந்தபின் அடுப்பை வரவழைக்க மறுபடியும் அத்தனை நாள், அதற்குள் மலையார் வந்துவிடுவர் என்றீர்கள். அப்படியானால் குழி வெட்டிக் கல் பரப்பிக் கரியிட்டு, ஆட்டை இறக்கி, மேலே பாறை மூடி மண் பூசி வேகவைக்கலாம் என்று அவள் வழி சொன்னாள். விருந்தினருக்கு மண்ணுக்குள்ளிருந்து சோறு எடுப்பது கோட்டையின் மதிப்புக்குக் குறைவு என்று தள்ளினீர்கள்.

அடுப்பு வந்தது. அறுத்த ஆட்டைத் தட்டில் வைத்தபோது நாலு காலும் கழுத்தும் வெளியே நின்றன. மூடியை வைத்து மேலே இரண்டு வீரர்கள் ஏறி உட்கார்ந்தார்களாம். மலையார் அதை ஆற்றங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஐந்து சாண் அடுப்பு இரண்டு சாணாக வந்ததால் நடுவில் எவரோ மாற்றியிருக்க வேண்டும் என்று அவை கண்டுபிடித்தது. அளவை முன்பே சரியாகச் சொன்னவள் அவள். ஆகவே மாற்றியவளும் அவளே என்றீர்கள். சரியாகச் சொன்னதையே களவுக்குச் சான்றாக்கிய தீர்ப்பு இந்த நாட்டில் இதுவரை எழுதப்பட்டதில்லை.

அரசி சித்திரக்காரன் ஆழிச்சாத்தனை அழைத்தார். அவன் சொன்னது: “கோட்டைக்குப் போற பொருள், தாயே. அரசுப் பொருளைப் பெருசா எழுதணும், பக்கத்துல நிக்கிற கூலியாளைச் சின்னதா எழுதணும். எங்க தொழில்ல அதுதான் முறை. அவனை உள்ளபடி எழுதியிருந்தா, அரசுப் பொருளுக்குச் சமமா கூலிக்காரன் நிக்கிறானான்னு என் விரலை ஒடிச்சிருப்பாங்க.” அடுப்பையும் அப்படித் தாறுமாறாக எழுதினாயா என்று கேட்டதற்கு, “பொருளோட அங்கத்துல கை வைக்க மாட்டேன். பெருசாக்கினா எல்லாத்தையும் சேர்த்துத்தான் பெருசாக்குவேன்” என்றான்.

உருக்கூர்க் கொல்லர் தலைவி தேவந்தியையும் அழைத்தார். மூடியடுப்பு எல்லாம் அவர்கள் பட்டறையில் பிறப்பவை. அரசியின் முன் அஞ்சாமல் சிரித்தவள் அவள்: “அடுப்பு ரெண்டு சாணோ அஞ்சு சாணோ, கைப்பிடிக்கு ஒரே அச்சுத்தான். அடுப்பு பெருசானா புடிக்கிறவ கையும் பெருசாகுமா, தாயே? ஆறு விரலுக்கு மேல நாங்க வார்த்ததே இல்ல. இது அடுக்களையில நிக்கிற எல்லாருக்கும் தெரியும்.”

எல்லாருக்கும் தெரிந்தது அவையத்தாருக்குத் தெரியாததில் அரசிக்குக் கோபமில்லை. அடுக்களைக்குள் காலெடுத்து வைத்திராதவர்களுக்கு அது தெரியாமல் போகலாம். தெரிந்தவள் எதிரில் நின்று மூன்று முறை சொல்லியும் கேளாமல், தோற்றபின் அவள் கையைக் கேட்டீர்களே, அதில்தான் கோபம். முப்பது ஆண்டு உங்களுக்குச் சோறிட்ட கை அது. தாமே போட்ட கணக்கு பொய்த்ததை ஒப்புக்கொள்ள ஆறு பேருக்கு ஒரு பெண்ணின் கை தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே கட்டளை. ஓலை கண்ட நாழிகையில் கொற்றியைச் சிறை நீக்குக. கடுவன்மள்ளர் இன்னும் ஆற்றங்கரையில் பொறுமையோடு காத்திருக்கிறார். அவருக்கு ஆடு வேகவைக்கும் குழியை அவள் காட்டும் இடத்தில், அவள் சொல்லும் ஆழத்துக்கு, மழவதரையரும் அவையத்தார் ஐவரும் தம் கையால் வெட்டுக. ஏவலர் எவரும் மண்வெட்டி தொடக் கூடாது. தீர்ப்பு எழுதிய ஓலையை அரசி தாமே எரித்துவிட்டார். அதன் நகல் கோட்டையில் இருந்தால் எரிக்க.

இன்னொன்று. சிறையில் கொற்றியைக் கண்டுவந்த அரசியின் தூதன், மன்னிப்பு ஓலை வாங்கித் தரவா என்று அவளிடம் கேட்டான். அவள் சொன்னது: “மன்னிப்பு வேணாம். நான் சொன்னது சரின்னு எழுதித் தரச் சொல்லுங்க.”

அரசி எழுதித் தருகிறார். கொற்றி சொன்னது சரி. அடுப்பு இரண்டு சாண்.

புலி நின்ற முத்திரை இட்டு, மூன்று சாட்சியரின் கைந்நாட்டோடு இவ்வோலை விடப்பட்டது. மழவதரையர் இதைக் கோட்டை வாயிலில், மலையாரும் ஊராரும் கேட்க, கொற்றியின் முன் நின்றுகொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தம் வாயால் படிக்க. அவள் சரியாகக் காதில் விழவில்லை என்று சொன்னால், மறுபடியும் படிக்க.