வீட்டோடு மாப்பிள்ளை கட்டிய கொடி

அக்டோபர் 26, ஞாயிறு

மதியத்துக்குள் சாறு தீர்ந்துவிட்டது. என் நூடுல்ஸ் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆறு மாத வயிறோடு அடுப்படியில் நிற்க முடியவில்லை.

வாசலில் என் புருஷன் யோரிஸ் பெருமையோடு நின்றான். வீட்டுத் தூணிலிருந்து மாமரம் வரைக்கும் கம்பியை இழுத்துப் புதுக் கொடி கட்டியிருக்கிறான். அவன் உயரத்துக்கு. பழைய மூங்கில் கொடியில் துணி தரையைத் தொடுகிறது, கோழி அசிங்கம் செய்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். துவைத்ததையெல்லாம் காயப்போட்டிருந்தான். என் உள்பாவாடை, அம்மாவின் கறுப்புப் பாவாடை, எல்லாம். நடைபாதைக்கு நேர் மேலே.

எடு எடு என்று நான் கத்துவதற்குள் அப்பா வயலிலிருந்து வந்துவிட்டார். குனிந்த தலையோடு வந்தவரின் உச்சியில் அம்மாவின் பாவாடை ஓரம் தடவிக்கொண்டு போனது.

அப்பா நின்றார். மேலே பார்த்தார். கழுத்திலிருந்த தாயத்துக் கொத்தைக் கழற்றிக் கையில் மூடிக்கொண்டு படியேறிப் போனார்.

யோரிஸ் என்னிடம் கேட்டான்: "எப்படி இருக்கு?"

அக்டோபர் 27

வெளிநாட்டிலிருந்து இங்கே மாப்பிள்ளையாக வந்த இவனுக்கு இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். யார் தலையையும் தொடாதே. காலைப் பெரியவர்கள் பக்கம் நீட்டாதே. படுத்திருப்பவர்களைத் தாண்டாதே. பச்சைக் குழந்தையை அழகு என்று சொல்லாதே, அசிங்கமாக இருக்கிறது என்று கொஞ்சு. எல்லாம் கற்றுக்கொண்டான். துணி காயப்போடுவதைச் சொல்லவில்லை. இங்கே நாலு வயதுப் பெண்ணுக்கே தெரிந்ததை ஒருத்தனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்? இதுவரை துவைத்துக் காயப்போட்டது நான்தானே. என் வயிற்றைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இந்த மாதம்தான் அவன் எடுத்துக்கொண்டான்.

விளக்கிச் சொன்னேன். "பெண்கள் இடுப்புத் துணிக்கு அடியில ஆம்பள போகக் கூடாது. தாயத்துக்குச் சக்தி போயிடும்னு அப்பா நம்புறார்." உடனே போய்க் கம்பியை வெட்டிப்போட்டான்.

தாயத்தின் கோளாறு இன்று காலையே தீர்ந்துவிட்டது. அப்பா கோயிலுக்குப் போனார், பெரிய பிக்கு சிரித்துக்கொண்டே தண்ணீர் தெளித்துக் கொடுத்துவிட்டாராம். அம்மா சொன்னாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் 28

முடியவில்லை.

காலையில் கடையில் நல்ல கூட்டம். அப்பா தன் கூட்டாளி பிரயூன் மாமாவோடு எப்போதும் உட்காரும் மேசையில் இருந்தார். யோரிஸ் நேராக அங்கே போனான். கைகூப்பினான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னான்: "அப்பா, அம்மாவோட பாவாடையை உங்க தலைக்கு மேல காயப்போட்டது என் தப்பு. எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிடுங்க."

வீட்டுக்குள் நாலு பேருக்குத் தெரிந்த விஷயம். கடையில் அத்தனை பேரும் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

அப்பா சிரித்தார். "பரவால்ல, பரவால்ல."

யோரிஸ் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினான். பாவி! அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பாட்டி செத்த அன்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அப்பா அதே சிரிப்பைத்தான் சிரித்தார்.

பிரயூன் மாமா சும்மா இருப்பாரா? "என்னடா தோங்தா, மாப்பிள்ளை உனக்கு வாசல்லயே குடை கட்டி வெச்சிருக்கார்னு சொல்லவே இல்லையே! மழைக்கா, வெயிலுக்கா?"

கடையே சிரித்தது. அப்பாவும்தான். கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது.

அக்டோபர் 29

அப்பா பின்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

நவம்பர் 2

ஊர் முழுக்கக் குடைப் பேச்சு. அப்பா கடைப்பக்கமே வருவதில்லை. யோரிஸ் எதிரில் வந்தால் வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுகிறார். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. அந்த இடத்தில் யோரிஸ் இல்லவே இல்லை என்கிற மாதிரி.

ராத்திரி எங்களுக்குள் வாக்குவாதம்.

"பரவால்லன்னு சொன்னாரே. சிரிச்சாரே!"

"சிரிச்சா சரியாயிடுச்சா?"

"எங்க ஊர்ல கோவமா இருக்கிறவங்களைத் தனியா விட்டுடுவோம். ஆறினதும் அவங்களே வருவாங்க. அதான் மரியாதை."

"இங்க தனியா விட்டா, நீ போனா எனக்கென்னன்னு விட்டுட்டான்னு அர்த்தம். கோச்சுக்கிட்டவங்க காத்துக்கிட்டிருப்பாங்க, யோரிஸ். யாராவது வந்து கூப்பிடணும்னு."

"நான்தான் மன்னிப்புக் கேட்டேனே!"

"கேட்டதுதான் தப்பு. பக்கத்துல போய் உக்காரு. தின்ன ஏதாவது கொண்டு போ. என்ன வேலை செய்யறாரோ அதுல ஒரு கை பிடி. கொடியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே."

தலையாட்டினான்.

நவம்பர் 3

வறுத்த வாழைப்பழம் கொண்டு போனான். வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே கிடக்கும் மூங்கில் கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பா ஒரு துண்டை எடுத்து வாயில்கூடப் போட்டுவிட்டார். படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உயிர் வந்தது.

அப்போது இந்த மகராசன் கேட்டான்: "அப்பா, இன்னும் என் மேல கோவமா இருக்கீங்களா?"

அப்பா வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, எருமையைப் பார்க்கப் போனார். எங்களிடம் எருமையே இல்லை. போன வருஷமே விற்றாகிவிட்டது.

சிரித்தேன். அப்புறம் அழுதேன். வயிற்றில் இருப்பது உதைத்தது.

நவம்பர் 6

அம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன், நீ எப்படி அப்பாவைச் சமாதானம் செய்வாய் என்று.

"நான் என்னைக்குடி மன்னிப்புக் கேட்டேன்? உங்கப்பன் மூஞ்சியத் தூக்கினா மீனை வறுப்பேன். எதிர்ல வெச்சுட்டு, இடுப்பு வலிக்குது, தண்ணி தூக்க ஆளில்லைன்னு காத்தைப் பாத்துச் சொல்வேன். தின்னுட்டு எழுந்து போய்த் தூக்குவார். அவ்வளவுதான், முப்பது வருஷம் ஓடிப்போச்சு."

அப்பாவிடமும் பேசிப் பார்த்திருக்கிறாள். பாவம், வெளிநாட்டுப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டது, விடுங்கள் என்று. அதற்கு அப்பா சொன்னாராம்: "ரெண்டு வருஷமா என் சோத்துக் கூடையில கைவிட்டு ஒட்டுச்சோறு தின்னவன் எப்படி வெளிநாட்டுக்காரன் ஆவான்?"

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு மாதிரி வலிக்கிறது. விருந்தாளி என்றால் அன்றே மறந்திருப்பார். பிள்ளை என்று நினைத்துவிட்டார். அதனால்தான் இத்தனை நாள். இதை யோரிஸிடம் சொன்னேன். "பிள்ளைன்னா ஏன் பேச மாட்டேங்கறார்?" என்கிறான். என்னத்தைச் சொல்வது!

நவம்பர் 11

யோரிஸ் டவுனில் ஒரு வீடு பார்த்து வந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் பக்கம். இரண்டு அறை, குழாயில் வெந்நீர். சனிக்கிழமை முன்பணம் கொடுத்துவிடலாமாம். அங்கேயே பிரசவம், அங்கேயே இருப்பு.

"உங்கப்பா வீட்டை அவர்கிட்டத் திருப்பிக் கொடுத்துடலாம், கேசோன். என்னால அவர் பின்படியில உக்காந்து சாப்பிடறதைப் பாக்க முடியல."

நல்ல மனசுதான். அதுதான் எரிச்சலே. எங்க பக்கத்துல பொண்ணு வீட்டை விட்டுப் போகமாட்டா, மாப்பிள்ளைதான் வந்து சேருவான். நான் போனா இந்தப் படியில யாரு ஏறி இறங்குவா? எம்பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளையா வளரும்? கத்திட்டேன். அவன் பேசல. நான் பேசல. அப்பா பேசல. அம்மா மட்டும் கோழிகிட்டப் பேசிக்கிட்டிருக்கா.

அப்பா தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் புளியமரக் கட்டை பிளக்கிறார். புளிய விறகுதான் புகையாமல் நின்று எரியும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "சும்மாதான்" என்று சொல்லி நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

நவம்பர் 14, வெள்ளி

அம்மா அப்பாவிடம் டவுன் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாள். யோரிஸும் அங்கேதான் நின்றான்.

"நல்லது. ஆஸ்பத்திரி பக்கம்," என்றார் அப்பா. கோடரியை எடுத்துக்கொண்டு போய் இருட்டும்வரை பிளந்தார். இடையில் ஒருதரம்கூட உட்காரவில்லை.

யோரிஸ் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "போறேன்னா நல்லதுன்னு சொல்லிட்டார்," என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

நவம்பர் 15, சனி

யோரிஸ் எழுந்திருக்கவில்லை. முன்பணம் கொடுக்கப் போகவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அந்தப் பாயில் அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

"காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல."

"சாப்பிட வா."

"பசிக்கல."

"என்னன்னு சொல்லு."

"ஒண்ணுமில்ல."

எதையும் நேருக்கு நேர் சொல்லித் தீர்க்கிற மனுஷன்! எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவை அழைத்துவந்து காட்டினேன். அம்மா எட்டிப்பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"காய்ச்சல் இல்லடி. இது நம்ம வீட்டு வியாதி. தம்பி கோச்சுக்கிட்டாரு!"

சோற்றை வைத்து நானே கெஞ்சப் போனேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "நீ போகாதே. உன் மேலயா கோவம்? யார் மேலயோ அவங்க போகட்டும்." என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் கேட்கிற மாதிரி சத்தமாக, "பாவம், ரெண்டு வேளையா பிள்ளை பட்டினி," என்றாள். கோடரிச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் அம்மா மீனை வறுக்கவில்லை. அப்பாதான் வறுத்தார். அம்மாவை அடுப்பிலிருந்து நகரச் சொல்லிவிட்டு, தானே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் கருக்கி. தட்டில் வைத்துச் சோற்றுக் கூடையோடு எங்கள் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே இருந்த காலண்டரைப் பார்த்துப் பேசினார்.

"கட்டை பிளந்தாச்சு. அடுக்கணும். எனக்கு இடுப்பு வலி. ஆளில்லை."

அப்பா சோற்றுக் கூடையின் மூடியைத் திறந்து வைத்தார்.

"நெட்டையா ஒருத்தன் இருந்தா மேல்வரிசைக்கு எட்டும்."

பாய் சரசரத்தது. "எதுக்கு விறகு?" என்றான் யோரிஸ்.

"எதுக்கா? உன் பொண்டாட்டிக்குத்தான். பிள்ளை பெத்தவ தீப்பக்கம் படுத்து உடம்பைக் காய்ச்ச வேண்டாமா? டவுன் வீட்டுல வெந்நீர்க் குழாய் இருக்காம். குழாய் பக்கத்துலயா படுக்க வெப்பே?"

யோரிஸ் எழுந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். அத்தனை நாளாக அது விற்பதற்கான விறகு என்றே நினைத்திருக்கிறான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மன்னிப்பு என்று ஆரம்பித்துவிடுவானோ, நன்றி என்று ஆரம்பித்துவிடுவானோ.

ஒன்றும் சொல்லவில்லை. நிலைப்படி ஓரமாக வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தான். கூடையில் கைவிட்டுச் சோற்றை உருட்டினான். மீனைத் தின்றான், கருகிய பக்கத்திலிருந்து.

"உப்பு கம்மி," என்றான்.

"உங்க அத்தை வறுத்தா மட்டும் நல்லா இருக்கும் உனக்கு," என்றார் அப்பா. தானும் ஒரு கவளம் எடுத்தார்.

நான் அடுக்களைக்கு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா, "வயித்தை இடிக்காதே, வயித்தை இடிக்காதே," என்று தானும் அழுதாள்.

மாலைவரை இருவரும் விறகு அடுக்கினார்கள். அப்பா அடுக்கியதை யோரிஸ் நேராக்கினான். யோரிஸ் அடுக்கியதை அப்பா பிரித்து மறுபடி அடுக்கினார்.

நவம்பர் 17

யோரிஸ் டவுன் வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காரணம் கேட்டாராம். "எங்க வீட்டுல விறகு நிறைய இருக்கு," என்று சொன்னானாம். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ.

நவம்பர் 19

அப்பா கடைக்கு வந்தார். பிரயூன் மாமா இதற்கென்றே காத்திருந்ததுபோல, "வாய்யா, குடை எங்கே, விட்டுட்டு வந்துட்டியா?" என்றார்.

"எங்க வீட்டுக் குடை, எங்க வீட்டு மாப்பிள்ளை. உனக்கு எங்கே நனையுது?" என்றார் அப்பா.

இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

டிசம்பர் 21

அப்பாவும் யோரிஸும் விடியுமுன் குளத்துக்கு வலை எடுத்துக்கொண்டு போனார்கள். உச்சி வெயிலில் திரும்பினார்கள். உள்ளங்கை நீளத்தில் ஒரே ஒரு மீன். பக்கத்து வீட்டுக்காரி நிற்கும்போது, "இதை வறுக்கவா, வளர்க்கவா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டேன்.

அவ்வளவுதான். வீட்டுக்கடியில் மூங்கில் கட்டிலில் இருவரும் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிட்டேன். "பசிக்கல," என்றார் அப்பா. "பசிக்கல," என்றான் யோரிஸ்.

அம்மா கீழே போகமாட்டாளாம். "யார் மேல கோவமோ அவதான் போகணும்" என்கிறாள்.

வாழைப்பழம் வறுத்தாகிவிட்டது. இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போகிறேன்.