மன்னிப்பு வேண்டாம், கடவுச்சொல்லை மாற்றுங்கள்

2024 நவம்பர் 6, புதன்

எங்கள் இறால் பண்ணை முதலாளி ஹாஜியார் இன்று என்னை மன்னித்துவிட்டார். கந்தோரில், வேலை செய்கிற எல்லாருக்கும் முன்னால், பிளேன்டீ குடித்துக்கொண்டே. "போனது போகட்டும் மகள். நான் மனசுல வெச்சிக்கல்ல. இனிக் கவனமா இரி."

நான் என்ன செய்தேன் என்று மன்னிக்கிறார்? திங்கள் விடியும்போது மூன்றாம் குளத்து இறால் முழுக்கச் செத்து மிதந்தது. தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கும் சக்கரங்களை யாரோ போனிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். போனில் சக்கரங்களை இயக்கும் செயலிக்குள் நுழையும் கணக்கு என் பெயரில் இருக்கிறது. கம்பியூட்டர் பார்க்கிறவள் நான்தானே, என் பெயரில் பதிந்தால் லேசு என்று பதிந்தது. கடவுச்சொல்? ஹாஜியாருடைய வேன் நம்பர். தேத்தண்ணிப் போத்தலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. பண்ணையில் எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் விலகிப்போனவர்களுக்கும், தீனி கொண்டுவரும் லொறிக்காரருக்கும்கூடத் தெரியும்.

வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் வந்தேன்?

நவம்பர் 7

வந்தது பிழை. இன்று வாய் திறந்தேன்.

"ஹாஜியார், செய்யாத பிழைக்கு எனக்கு மன்னிப்பு வேணாம். பாஸ்வேர்ட மாத்தணும்." சுவரிலிருந்த கடதாசியைக் கிழித்து அவருடைய மேசையிலேயே வைத்தேன்.

"எங்கட ஆக்களுக்குள்ள என்னத்துக்குப் பூட்டு?" என்றார். உண்மையாகவே மனம் நொந்துதான் கேட்டார்.

அவருடைய மருமகன் அக்மல் நானா, எங்கள் மனேஜர், பக்கத்துக் கதிரையில் இருந்து, "வந்த ஆக்கள் எங்களச் சந்தேகப்படுற காலம்" என்றார். என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் உம்மாவும் வாப்பாவும். நான் பிறந்தது புத்தளத்தில். முப்பத்தொரு வயதிலும் வந்த ஆள்! எந்த பஸ்ஸில் வந்தேனாம்?

"அப்ப நான் போறன்" என்று பையை எடுத்தேன். ஹாஜியார் கிளாஸைக் கீழே வைத்தார். "போகாத. செய்றதச் செய்."

நவம்பர் 11, திங்கள்

செய்தேன். ஆளுக்கொரு கணக்கு, அவரவர் பெயரில். பழைய கணக்கை அழித்துவிட்டேன். விலகியவர்கள் இனி உள்ளே வரமுடியாது. சக்கரத்தை யார் நிறுத்தினாலும் குளத்துக் காவலாளியின் போன் கத்தும். புதுப் போனில் நுழையப் பார்த்தால் கந்தோர்ப் போனுக்கு ஓர் இலக்கம் வரும். அதைப் போட்டால்தான் திறக்கும். கடைசிச் சட்டம்தான் எல்லாருக்கும் கசந்தது: அந்த இலக்கத்தை யார் போனில் கேட்டாலும் வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த நம்பருக்கு நாமே திருப்பி எடுக்கவேண்டும். குரலை நம்பக்கூடாது. இப்போது கம்பியூட்டரில் அடுத்தவர் குரலையும் செய்கிறார்கள்.

"மாமா கேட்டாலுமா?" என்று அக்மல் நானா சிரித்தார்.

"ஹாஜியார் கேட்டாலும்தான்."

ஹாஜியாரும் சிரித்தார். நாளைக்கு மக்காவுக்கு உம்ரா போகிற சந்தோசம்.

நவம்பர் 19, செவ்வாய்

தெரியாத சவூதி நம்பர். "மகள், நான்தான். என்ட போன் ஒடஞ்சிட்டு. புதுசுல குளத்தப் பாக்கணும். கந்தோர்ப் போனுக்கு வந்த நம்பரச் சொல்லு." அவருடைய குரல்தான். இருமல்கூட அவருடையது.

வைத்துவிட்டு அவருடைய நம்பருக்கு எடுத்தேன். வேலை செய்யவில்லை. மறுபடியும் அந்தச் சவூதி நம்பர். சொல்லமாட்டேன் என்றேன்.

"என்ட குரல் ஒனக்குத் தெரியாதா? மக்கத்துல நிண்டு பொய் சொல்லுவனா?"

யா அல்லாஹ். ஆனாலும் சொல்லவில்லை.

நவம்பர் 20

நேற்று எடுத்தது ஹாஜியாரேதான், போன் உண்மையாகவே உடைந்திருக்கிறது.

அக்மல் நானா வந்து சொன்னார்: "மாமா வந்ததும் ஒன்ட கணக்கத்தான் மொதல்ல அழிப்பாரு." அழிக்கட்டும். எப்படி அழிப்பது என்று அவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும்!

"ஒரு நம்பர்தானே மகள், சொல்லியிருக்கலாமே" என்கிறார் உம்மா. வாப்பா மௌத்தான பிறகு இந்த வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. பயமாக இருக்கிறது. நாளைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இரவு முழுக்க மழை. காலையில் காவலாளி நிக்கொலஸ் அண்ணன் சேற்றுக் காலோடு கந்தோருக்குள் வந்தார். "மிஸ், ராவு ரெண்டாங் குளத்துச் சக்கரம் நிண்டுட்டு. போன் கத்தின உடனே ஓடிப்போய்ப் போட்டுட்டன். இறால் தப்பிச்சு."

யார் நிறுத்தியது? பதிவைத் திறந்து பார்த்தேன். அக்மல்.

கதவைச் சாத்தாமலே கேட்டேன். மழை பெய்தால் தண்ணீருக்குத் தானாகக் காற்றுக் கிடைக்கும், கரண்ட் பில் குறையும் என்று நினைத்தாராம். கொஞ்ச நேரத்தில் போடலாம் என்று படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

"அப்ப மூணாங் குளம்?"

"அண்டைக்கும் அப்பிடித்தான்."

"ஹாஜியார் என்ன மன்னிச்சப்ப நீங்களும் இரிந்து பாத்துக்கொண்டுதானே இரிந்தீங்க?"

"மாமாட்ட சொல்லிராத, நிஸ்மியா."

"நான் சொல்லமாட்டன். நீங்கதான் சொல்லணும். அவரு வந்த அண்டைக்கே, எல்லாருக்கும் முன்னால."

வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில்தான்.

டிசம்பர் 2, திங்கள்

ஹாஜியார் வந்துவிட்டார். எல்லாருக்கும் ஸம்ஸம் தண்ணீர், பேரீச்சம்பழம். எனக்கு முகத்தைப் பார்க்காமல் தந்தார். அக்மல் நானா எழுந்து நின்று இரண்டு குளத்தின் கதையையும் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. எனக்கு இரக்கம் வந்தது. ஆனாலும் போதும் என்று நான் சொல்லவில்லை.

ஹாஜியார் கடைசிவரை கேட்டார். பிளேன்டீ ஆறிப்போனது. அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் எழுந்து போய்விட்டார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிக்க மட்டும்தான் வாய் வரும்போல.

டிசம்பர் 5

வேலைக்குப் போனேன். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

பகல், கந்தோர்ப் போனில் ஓர் இலக்கம் வந்து விழுந்தது. பின்னாலேயே அழைப்பு. ஹாஜியாருடைய நம்பர்தான்.

"மகள், கொழும்புல நிக்கிறன். புதுப் போன் ஒண்டு வாங்கினன். அதுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதக் கொஞ்சம்..."

நிறுத்தினார். இருமினார்.

"இல்ல, சொல்லாத. நான் வைக்கிறன். நீ எடு."

வைத்துவிட்டார். நான் எடுத்தேன். முதல் மணியிலேயே பதில் வந்தது.