வில்லனை இன்னும் கருப்பாக்கச் சொன்னார்கள்

மெஷினிலிருந்து சூடாக இறங்கும் ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் நகப்பூச்சும் கலந்த மாதிரி. எத்தனை தடவை குளித்தாலும் உன் மேலிருந்து போகாத வாடை. இன்று காலை ஒரு பெரிய பேனர் இறங்கிக்கொண்டிருந்தபோது அது மூக்கில் ஏறியது. நீ பக்கத்தில் நிற்கிற நினைப்பில், "மாப்ள, அந்த முனையப் புடி" என்று சொல்லிவிட்டேன். யாரும் பிடிக்கவில்லை. பேனர் தரையில் சரிந்தது.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இங்கே எதுவும் மாறிவிடவில்லை.

அந்தப் பறக்கிற ஹீரோ படம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இரண்டாம் பாகம் வருகிறது. போன வாரம் வில்லன் யாரென்று அறிவித்தார்கள். உனக்குப் பிடித்த அந்த நடிகர்தான். இத்தனை வருடமாக அடியாளாகவும் வாட்ச்மேனாகவும் வந்துபோனவர். ஒரு படத்தில் வாட்ச்மேனாக இரண்டே நிமிடம் வருவார். அதை நிறுத்தி நிறுத்திக் காட்டினாய். "கேட்டத் தொறந்துட்டு மொறைக்கிறாரு பாரு, காரே பயப்படுது" என்றாய்.

அறிவிப்புக்குக் கீழே ரசிகர்கள் எழுதியதையெல்லாம் இரண்டு நாள் படித்தேன். பாதிப் பேருக்குக் கோபம். எங்கள் தலைவரோடு மோத இந்த மூஞ்சிதான் கிடைத்ததா என்று. மீதிப் பேர் பாராட்டியிருந்தார்கள். அதுதான் இன்னும் மோசம். 'மேக்கப் செலவு மிச்சம்.' 'பாத்தாலே திருடன்னு தெரியுது, செம செலக்‌ஷன்.' திட்டுகிறவனும் பாராட்டுகிறவனும் ஒரே இடத்தில் நின்றுதான் பேசுகிறார்கள். அந்த ஆள் எப்படி நடிப்பார் என்று ஒருவன்கூட எழுதவில்லை. கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

நேற்று ரசிகர் மன்றத்துப் பையன்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே கட்டுவதற்குப் பேனர். நான் டிசைன் செய்ய, பின்னால் நின்று பார்த்தார்கள்.

"அண்ணே, வில்லன இன்னும் கொஞ்சம் கருப்பாக்குங்கண்ணே."

"அவரு கலரே இதாங்க."

"தெரியுதுண்ணே. ஆனா வில்லன்னா வில்லன் மாரி இருக்க வேணாமா?"

"யாரு மாரி?"

ஒருவன் சிரித்தான். அவனும் என் நிறம்தான், உன் நிறம்தான். வெயிலில் கருத்த கை. அந்தக் கையாலேயே திரையைத் தொட்டு, "இந்தக் கன்னத்துல ஒரு தழும்பு போடுங்க, கண்ணு செவப்பாவட்டும்" என்றான். முதலாளி உள்ளே இருந்து குரல் கொடுத்தார்: "கேக்கறதச் செஞ்சு குடுப்பா, ஒனக்கு என்ன?"

செய்தேன். பெரிதாக எதிர்த்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

உனக்கு இந்த வேலை தெரியும். கல்யாணமோ, காதுகுத்தோ, கட்சிக்காரர் வரவேற்போ, எதுவாக இருந்தாலும் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி எடுத்ததும் முதல் வேலை அதை வெளுப்பது. யாரும் கேட்பதில்லை. வெளுக்காவிட்டால்தான் கேட்பார்கள். நான் உள்ளே உட்கார்ந்து வெளுப்பேன். நீ சவுக்குக் கட்டை மேல் ஏறிக் கம்பி முறுக்குவாய். "ஊர்ல உள்ள அத்தன பேருக்கும் வெள்ளையடிச்சிட்ட. ஒன்னயப் பஞ்சாயத்து ஆபீஸ்ல வேலைக்குக் கூப்புடுவாங்கடா" என்று மேலிருந்து கத்துவாய்.

முதல் பாகம் வருவதற்கு முன்னால் வில்லன் யாரென்று சொல்லாமல் இழுத்தடித்தார்கள். ரசிகர் பக்கங்களில் ஆளாளுக்கு ஒரு பெயர் எழுதினார்கள். ஒரு மத்தியானம் வேலை இல்லை. உன் முகத்தை வெட்டி, ஹீரோவுக்கு எதிரே வைத்து, இன்னும் கொஞ்சம் கருப்பாக்கி, 'வில்லன் கிடைச்சாச்சு' என்று போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அரியலூர், ஜெயங்கொண்டம் என்று எல்லா குரூப்பிலும் ஓடியது. டீக்கடையில் உட்கார்ந்து கமெண்டுகளை நீயே சத்தம் போட்டுப் படித்தாய். "'கரிச்சட்டிக்குக் கை கால் மொளச்சிருக்கு.' பரவால்லடா, எழுதத் தெரிஞ்சவன்." நானும் சிரித்தேன். நீயும் சிரித்ததால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் கேட்டாய்.

"ஒரு தடவ அந்த ஹீரோ எடத்துல என்னைய வச்சுப் பாரேன். வெளுக்காம வையி. அம்மாட்ட காட்டணும்."

"நாளைக்குப் பாக்கலாம்டா."

"அவன் கயித்துல பறக்கறான். நான் தெனமும் கட்டையில தொங்கறேன். எனக்கு என்ன கொறச்சல்?"

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. சும்மா இருந்த மத்தியானங்கள் எத்தனையோ இருந்தன. நான்தான் செய்யவில்லை.

தா.பழூர் பக்கம் உன் ஊருக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரியலூரைத் தாண்டிய வளைவில் சுண்ணாம்புக்கல் லாரி. நீ ஹெல்மெட் போடவில்லை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அந்த ரோட்டில் லாரிகள் எப்படிப் போகின்றன என்று ஒருவரும் பேசவில்லை. அங்கேயும் வில்லன் யாரென்று முன்னாலேயே முடிவாகியிருந்தது.

உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் போட வேண்டியவன் நான்தான். உன்னிடம் நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை. தெளிவாக இருந்தது அந்த வில்லன் கேலிக்கு நான் எடுத்த போட்டோதான். அழுதுகொண்டேதான் செய்தேன். அதனால் கை என்ன செய்தது என்று பார்க்கவில்லை. வெட்டியது, வெளுத்தது, ஓரத்தில் ரோஜாப்பூ வைத்தது. நானே கொண்டுபோய் உன் வீட்டு முன்னால் கட்டினேன்.

உன் அம்மா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இது யாரு தம்பி?"

அவர் கிட்டே வந்து, பேனரின் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

"எம்புள்ள கருப்பா இருப்பாம்பா. இது எந்த வூட்டுப் புள்ள?"

கழற்றி அங்கேயே போட்டுவிட்டுப் பெரம்பலூர் வந்து, உள்ளபடி அடித்து, மறுபடி போய்க் கட்டினேன். இரண்டாவது பேனர் இப்போது உன் வீட்டுப் பீரோ மேல் சுருட்டி இருக்கிறது. முதல் பேனர் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை. முகம் உள்பக்கம். நான் போகும்போதெல்லாம் ஆடுகளுக்கு மேலே இருந்து யாரோ ஒரு வெள்ளைப் பையன் என்னைப் பார்க்கிறான்.

இன்று அந்தப் பையன்கள் பேனரை வாங்கிக்கொண்டு போனபின் மத்தியானம் வேலை இல்லை. நீ கேட்டதை எடுத்து உட்கார்ந்தேன். ஹீரோவின் தலையை எடுத்துவிட்டு உன் தலையை வைத்தேன். ஒட்டவில்லை. உன் முகம் ஒரு நிறம். கழுத்தும் கையும் வேறு நிறம். இப்படி வந்தால் முகத்தை வெளுத்துக் கழுத்தோடு சேர்ப்பதுதான் வழக்கம். கையும் பழக்கத்தில் அங்கேதான் போனது. பாதி வெளுத்தபின்தான் நிறுத்தினேன். உன்னைப் பழையபடி ஆக்கினேன்.

அப்புறம் ஹீரோவின் கழுத்தை எடுத்து உன் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு கைகளை. விரல் விரலாக. இத்தனை வருட வேலையில் ஹீரோவின் உடம்பை இந்தப் பக்கம் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை. உன் காதோரம் இருந்த பெயின்ட் கறையையும் அழிக்கவில்லை.

இதை எந்தப் பக்கத்திலும் போடப்போவதில்லை. என்ன எழுதுவார்கள் என்று தெரியும். ஃபோனில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போய் பஸ் மாறி, உன் ஊருக்குப் போய் அம்மாவிடம் காட்டுவேன். அவருக்கு அந்தச் சட்டை என்ன, முதுகில் தொங்கும் துணி என்ன என்று புரியாது. ஏன் தம்பி இப்படி வேஷம் கட்டியிருக்கிறான் என்று கேட்பார்.

ஆனால் யாரென்று கேட்கமாட்டார்.