நிதானம் என்று நான் வைத்த பெயர்

இன்று காலை ஈஸ்ட் டாமாக்கியில் சிக்னலுக்காக நின்றிருந்தேன். மழை. பக்கத்துக் கிடங்கின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை காருக்குள் வந்ததும், என்னையறியாமல் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த இருக்கையில் நீங்கள் கடைசியாக உட்கார்ந்து நான்கு வருடம் ஆகிறது.

ஐந்து வருடம் ஒரே காரில் வேலைக்குப் போனோம். பாபடோயிட்டோயில் உங்கள் வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்வேன். இருவரும் ஒத்த வயதுப் பெண்கள்தான், ஆனாலும் 'நீங்கள்' என்பதிலிருந்து நாம் இறங்கவேயில்லை. அது உங்கள் யாழ்ப்பாணப் பழக்கம், எனக்கும் தொற்றிக்கொண்டது. அங்கே கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் நீங்கள். ஆலைகள் எழும்பிய காலத்து இங்கிலாந்தின் கவிஞர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். இந்த நாட்டுக்கு வந்தபின் அதை யாரும் கேட்கவில்லை. என்னோடு ஒரே வரிசையில் நின்று பெட்டிகளுக்கு டேப் ஒட்டினீர்கள்.

மேகம், பறவை, மலையருவி, பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய நாலு வரி. அந்தக் கவிஞர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. "அவையள் சும்மா பூவைப் பாடின ஆக்கள் இல்லை. ஊரெல்லாம் புகை வந்த பிறகுதான் பூ கண்ணில பட்டது" என்றீர்கள்.

பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். அரசனும் மதகுருவும் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, எதையும் அறிவால் அளந்து பார்க்கலாம் என்று ஒரு தலைமுறை துணிந்த கதை அது. அந்தத் துணிச்சலை நீங்கள் ஒருநாளும் கேலி செய்ததில்லை. அது இல்லாவிட்டால் நாம் இருவரும் பள்ளிக்கூடமே போயிருக்கமாட்டோம் என்பீர்கள். ஆனால் அளக்கிற கோல் ஆலை முதலாளியின் கைக்குப் போனதும், அளக்கப்பட்டது மனிதனின் மூச்சாகிவிட்டது. வீட்டில் தறி வைத்திருந்தவன் மணியடித்தால் ஓடுகிறவனானான். குழந்தைகள் நூற்பாலைக்குள் போனார்கள். என் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனிச் சங்குக்கு ஓடியவள் என்று நான் சொன்ன அன்று, இறங்கும்போது நீங்கள் சொன்னீர்கள்: "உங்கட அம்மாவைத்தான் நான் எழுதியிருக்கிறன், ஆளைத் தெரியாமல்."

உங்கள் ஆராய்ச்சியின் மையம் வேறு. கடலுக்கு அந்தப் பக்கம் புரட்சி வெடித்தபோது அந்தக் கவிஞர்களில் பலர் துள்ளிக் குதித்தார்கள். தலைகள் உருளத் தொடங்கியதும் மிரண்டார்கள். வயது ஏற ஏற அரசாங்கத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, இன்னும் கோபமாக இருந்த இளைஞர்களுக்குப் புத்தி சொன்னார்கள். நான் அவர்களுக்காக வாதாடினேன். குடும்பம் இருந்திருக்கும், என்ன செய்வார்கள் என்று கேட்டேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "பயந்தது பிழையில்லை. பயத்துக்கு ஞானம் எண்டு பேர் வைச்சதுதான் பிழை."

அடுத்த வருடம் கம்பெனியில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கருவியைக் கட்டினார்கள். எத்தனை பெட்டி முடிந்தது என்று அது எண்ணும். கை நின்றால் அதிரும். கழிவறைக்குப் போன நேரமெல்லாம் மேலாளரின் திரையில் சிவப்பாக விழும். நம் வரிசையில் வயதான பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். நீங்கள் எல்லோரிடமும் பேசி, மேலாளரைப் பார்க்க நேரம் வாங்கினீர்கள்.

"நீங்கள் லைன் லீடர். நீங்கள் 'ஓம், நடந்தது' எண்டு ஒரு சொல்லு சொன்னால் காணும்" என்றீர்கள்.

"ஆமா, கண்டிப்பா சொல்றேன்" என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதை நம்பித்தான் சொன்னேன்.

நீங்கள் நிதானமாக, குரல் உயர்த்தாமல் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னீர்கள். மேலாளர் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, உன் வரிசையில் உண்மையில் அப்படி ஏதாவது நடந்ததா என்று விசாரித்தார். என் விசா அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தது. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கான வதிவிட உரிமைக்கு விண்ணப்பம் போட்டு மூன்று மாதம். நான், அப்படி எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை என்றேன். மயங்கியவளை எழுப்பித் தண்ணீர் கொடுத்ததே நான்தான். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த உங்கள் காகிதங்களை மட்டும் ஒழுங்காக அடுக்கினீர்கள்.

அன்றும் என் காரில்தான் வந்தீர்கள். வழி முழுக்க நான்தான் பேசினேன். விசா, பையனின் படிப்பு, வேலையில்லாமல் இருக்கும் கணவர். "இப்படி நேரத்துல நிதானமா இருக்கணுங்க" என்றேன். சொல்லி முடித்ததும், நீங்கள் சொன்ன அந்தப் பெயர் வைக்கிற வேலையைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டு வாசலில் கதவைத் திறந்துகொண்டு, "நாளைக்கு என்னை ஏத்த வரவேண்டாம்" என்றீர்கள். கோபமில்லாத குரல்.

ஆறு வாரத்தில் உங்கள் இடம் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வதிவிடம் கிடைத்தது. தகனினி என்ற புறநகரில் வீடு வாங்கினோம். நீங்கள் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போனதாகவும், பிறகு நோய் என்றும் கேள்விப்பட்டேன். ஒருமுறை பாபடோயிட்டோய் மளிகைக் கடையில் எதிரே வந்தீர்கள். தலையில் துணி கட்டியிருந்தீர்கள். என் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டீர்கள். முருங்கைக்காய் இன்று நல்லது என்றீர்கள். உங்கள் மேல் எனக்கும் கோபம் இருக்கிறது. ஒரே ஒருமுறை நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்த வாய்ப்பையும் தராமல் மரியாதையாகப் போய்விட்டீர்கள்.

உங்கள் இறுதிப் பூசைக்கு வந்தேன். தேவாலயத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் உங்கள் மகள் என்னைத் தேடி வந்தாள். உங்கள் நெற்றி, உங்கள் நிற்கும் விதம். இங்கே வளர்ந்தவள், ஆங்கிலத்தில்தான் பேசினாள். வேலைக்குப் போகும் வழியில் கவிதை பேசுவதற்கு ஒரு தோழி இருந்தாள் என்று தன் அம்மா சொல்லியிருக்கிறார், அது நான்தானே என்று கேட்டாள். தலையாட்டினேன். அந்த வேலை எப்படிப் போனது என்று மட்டும் அம்மா கடைசிவரை சொல்லவில்லை, எனக்குத் தெரியுமா என்றாள்.

பறிபோவதற்கு என்னிடம் எதுவும் இல்லாத நாள் அது. விசா இல்லை, மேலாளர் இல்லை. தேநீர்க் கோப்பையோடு ஒரு பெண் மட்டும் எதிரே நின்றாள்.

கம்பெனியில் வேலை குறைந்துவிட்டது, நிறையப் பேரை அனுப்பினார்கள் என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அப்படியென்றால் அம்மா மேல் தவறு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். என் கையைப் பிடித்து, தமிழில், உங்கள் உச்சரிப்பில், "நன்றி அன்ரி" என்றாள். எனக்குச் சேராத அந்த நன்றியை நான் இன்னும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.