பன்னிரண்டு மணி நேரக் கேக்

மார்ச் 4
தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. காலை எட்டுக்குக் கிளம்பி மதியம் ஒன்றுக்கு இறங்குகிறோம். “அஞ்சே மணி நேரம்தான்” என்றார் இவர், விமானத்தைத் தானே ஓட்டப் போகிற தோரணையில். அப்படியென்றால் கல்யாணக் கேக்கை என் கடையிலேயே முடித்துக் கையோடு கொண்டுபோய்விடலாம். அவளுடைய பிறந்தநாள் கேக் எல்லாம் நான் செய்ததுதான். வேலைக்கென்று அவ்வளவு தூரம் போனபின் நாலு பிறந்தநாள் தவறிவிட்டது. இதை விடமாட்டேன்.

மார்ச் 6
சோதனை. கிரீம் பூசிய கேக் பெட்டிக்குள் ஐந்து மணி நேரம் அசையாமல் நின்றது. இவர்தான் ஓரத்தில் விரலை விட்டுவிட்டார்.

மார்ச் 9
தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கடைக்கு வந்த விமானப் பணிப்பெண்ணிடம் எட்டுக்குக் கிளம்பி ஒன்றுக்கு இறங்கும் ஐந்து மணி நேரப் பயணம் என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டாள். “அந்த ஒரு மணி அந்த ஊர் மணிங்க. நம்ம கடிகாரத்துக்கு ஏழு மணி நேரம் பின்னாடி. பறக்கிறது பன்னிரண்டு மணி நேரம். ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்!”

தங்கையோடு தினமும் பேசுகிறேன். நான் மதியம் சாப்பிட்டுக் கைகழுவும்போது அங்கே அவள் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள். இது தெரிந்தும் நானும் இவரும் எப்படிக் கோட்டைவிட்டோம்?

மார்ச் 10
பன்னிரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். கிரீம் வழிந்து, கேக் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. தங்கையிடம் சொன்னேன். “விடுக்கா, இங்கயே ஒரு கடையில சொல்லிக்கிறேன்.” குரல் இறங்கிப்போச்சு — எனக்குத் தெரியாதா அவ குரல்? கடைக் கேக்காம்! நான் எதுக்கு இருக்கேன்?

மார்ச் 11
தூரத்தைக் குறைக்க முடியாது. கேக்கை மாற்றினால்?

மார்ச் 14
கிடைத்துவிட்டது! கிரீம் பூசாத அடுக்குகளை இறுக்கச் சுற்றி ஃப்ரீசரில் கல்லாக உறைய வைத்தேன். உறைந்தால் உடையாது. வெளியே எடுத்துப் பெட்டியில் அடைத்தால் மெதுவாக இளகுகிறது. ஐந்து மணி நேரத்தில் நடுப்பகுதி இன்னும் கல். பன்னிரண்டில் பஞ்சு! கிரீமை அங்கே போய் அடித்துப் பூசிக்கொள்வேன். அவ்வளவு தூரம் இருப்பதே இப்போது வசதி.

“பார்த்தியா, என் கணக்கு தப்பினதும் நல்லதுக்குத்தான்” என்கிறார். வெட்கமே கிடையாது.

மார்ச் 20
விமானத்தில். மேலே இடமில்லை. கிளம்பும்போது காலடியில் இருந்த பெட்டி இப்போது இவர் மடியில். இருக்கட்டும், அதுதான் தண்டனை.

மார்ச் 22
மூன்றடுக்கும் நிமிர்ந்து நின்றது! மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “எந்தக் கடை? விலாசம் குடும்மா” என்றார். தங்கை என் கடை விலாசத்தைச் சொல்லி, “பன்னிரண்டு மணி நேரம் பறக்கணும் அத்தை, பரவாயில்லையா?” என்றாள். கூடமே சிரித்தது.

ஜெயித்துவிட்டேன். இன்னொரு முறையும் எழுதிக்கொள்கிறேன் — ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 25
திரும்புகிறோம். டிக்கெட்டைப் பார்த்து இவர் அலறினார்: “மூணு மணிக்குக் கிளம்பி நாளைக்குக் காலையில பத்துக்கா? பத்தொன்பது மணி நேரமா?” கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொன்னேன். அசடு வழிந்தார். காலிப் பெட்டி, பழக்கதோஷத்தில், அவர் மடியிலேயே இருக்கிறது.

கல்யாணத்தன்றிலிருந்து தங்கை தினம் ஒரு துண்டுதான் சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “அப்புறம் சொல்றேன்” என்றாள். இன்றைய, நாலாவது துண்டை விமான நிலையத்துக்கே எடுத்துவந்து, வாசலில் நின்று என் எதிரில் தின்றாள். விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்: “நாலு பிறந்தநாள் பாக்கி இருந்துச்சுல்லக்கா? தீர்ந்துபோச்சு.”