திகோனின் ரோமம்

தோம்ஸ்க், 3 மார்ச் 1994

அன்புள்ள ஃபாயினா அண்ணிக்கு,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னியுங்கள். சாவா இப்போதுதான் கண் மூடினான். பல் முளைக்கிறது. அவன் தும்மினாலும் எனக்குப் பயம், தும்மாவிட்டாலும் பயம். "பிள்ளை மூச்சையே பார்த்துக்கிட்டு இருந்தா, நீ எப்ப மூச்சு விடுவே?" என்று உங்கள் தம்பி கேலி செய்கிறார்.

எங்கள் பூனை திகோன் எப்படி இருக்கிறான்? அக்டோபரில் சாவாவின் வாயில் பூனை ரோமத்தைக் கண்டதும் நான் கத்தரியைத் தூக்கியது அவசர புத்திதான். ஒவ்வாமை எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "குளிர்காலத்துல பூனையை மொட்டையடிப்பாளா ஒருத்தி? முடி வளர்ற வரைக்கும் என் அடுப்புத் திண்ணை மேல கதகதப்பா கிடக்கட்டும்" என்று நீங்கள் திட்டியபடியே அவனைத் தூக்கிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சாவா இப்போது திகோன் படுத்திருந்த மூலைக்குத் தவழ்ந்துபோய் "கிஸ்-கிஸ்" என்று அவனைக் கூப்பிடுகிறான். இன்னும் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, அண்ணி!

மே மாதம் புது வீட்டுச் சாவி கிடைக்கும். புது வீட்டுக்குள் பூனை முதலில் நுழைந்தால்தான் அதிர்ஷ்டமாம்; அது வாசல் தாண்டாமல் உள்ளே கால் வைக்க மாட்டாராம் உங்கள் தம்பி. பொறியியல் படித்தவர்! திகோனை அனுப்பிவைப்பீர்களா?

உங்கள் உல்யானா

சோஸ்னோவ்கா, 2 ஏப்ரல்

கண்ணு உல்யானா,

திகோனைக் கேட்டிருந்தாய். முடி எங்கே வளர்ந்தது? இன்னும் இறகு பறித்த கோழி மாதிரிதான் திரிகிறான். பக்கத்து வீட்டு மக்கார் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஃபாயினா, அது பூனையா முயலா?" என்கிறான். "மொதல்ல உன் வழுக்கைக்கு வழி பாரு" என்றேன்.

பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. இதில் பூனையைத் தூக்கிக்கொண்டு எப்படி பஸ் ஏறுவது? மே மாதமும் சந்தேகம்தான். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது ஒரு பூனை இரவல் கேட்டுப் பாரேன்.

உன் புருஷன் நகரத்துக்குப் போன பிறகு சாயங்காலங்களில் மாட்டோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அது அசைபோடுமே தவிர முகம் கொடுக்காது. திகோன் என் முகத்தைப் பார்த்தபடி கேட்கிறான். மீன் வறுத்தால் இப்போதெல்லாம் இரண்டு தட்டு எடுத்துவைக்கிறேன்.

சாவாவுக்குக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். மிருதுவாக இருக்கும், கால் சில்லிடாது. பிள்ளைக்கு என் முத்தம்.

ஃபாயினா

தோம்ஸ்க், 19 ஏப்ரல்

அன்புள்ள அண்ணிக்கு,

இன்றும் ராத்திரிதான். காலுறை வந்தது. மாட்டிவிட்டதும் சாவா காலை மூக்குவரை இழுத்து முகர்ந்தான். அப்புறம் தன் பாதத்தைப் பார்த்தே "கிஸ்-கிஸ்" என்று கூப்பிட்டான்! உங்கள் தம்பி ஒன்றைக் கழற்றி விளக்கருகே பிடித்துப் பார்த்தார். திகோனைப் போலவே சாம்பல் நிறம், நுனி மட்டும் வெளுப்பு. "ஆட்டு ரோமம் இப்படி இருக்காதே. இது திகோனைச் சீவி எடுத்ததாக்கும்! அக்கா வசமா மாட்டிக்கிட்டா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு காலுறைக்கு ரோமம் கொடுக்கும் அந்த இறகு பறித்த கோழியை நானும் பார்க்க வேண்டும், அண்ணி.

சிரித்து ஓய்ந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். இரண்டு தட்டு என்ற இடத்துக்கு வந்தபோது மேலே படிக்க முடியவில்லை.

திகோனை அனுப்ப வேண்டாம். நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். மாட்டை மக்கார் பார்த்துக்கொள்ள மாட்டாரா? புது வீட்டில் சமையலறையை ஒட்டிய அறை உங்களுக்கு. வாசலை முதலில் திகோன் தாண்டட்டும், அவன் பின்னால் நீங்கள். உங்கள் தம்பி அதுவரை மாடிப்படியில் நிற்கட்டும். ஆசை தீர இருந்துவிட்டு, திரும்பும்போது திகோனையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவன் இனி உங்களோடு இருக்கட்டும். கோடை வந்ததும் நானும் சாவாவும் அங்கே வந்துவிடுகிறோம். வாயில் ரோமம் போனால் விரல் விட்டு எடுத்துக்கொள்கிறேன். கத்தரியைத் தொட மாட்டேன்.

எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் உல்யானா